ஒரே வாசகத்தில் பல நாளிதழ்கள்: ஒரு திருத்தம்

ஒரே செய்தி சொல் மாறாமல் பல நாளிதழ்களில் வந்திருப்பதால், அது யாரோ எழுதிக் கொடுத்து வெளியிடச் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். சொற்கள் ஒன்றாக இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் செய்தி முகமை என்ற பழைய ஏற்பாடு. எல்லா ஊர்களிலும் நிருபர் வைத்துக்கொள்ள எந்த நாளிதழாலும் இயலாது என்பதால், 1846-இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851-இல் தொடங்கிய ராய்ட்டர்ஸ் போன்ற முகமைகள் திரட்டி அனுப்பும் செய்தியை, சந்தா செலுத்தும் நாளிதழ்கள் பல நேரங்களில் தலைப்பை மட்டும் மாற்றி அப்படியே அச்சிடுகின்றன. இடம் போதாவிட்டால் கடைசிப் பத்திகளை வெட்டிவிடுவார்கள். முக்கியமானது முதலில் வருமாறு முகமைச் செய்திகள் எழுதப்படுவது அதற்கும் தோதாகிறது.

இதை எவரும் சரிபார்க்கலாம். செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப்பெயருக்கு அருகிலோ இறுதி வரியின் கீழோ முகமையின் பெயரோ சுருக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். (சில தளங்கள் அதைக் கண்ணில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில் போடுவது வாசகருக்குச் செய்யும் நியாயமல்ல.) அங்கே இல்லையென்றால், ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அதே செய்தியை முகமையின் பெயருடன் வெளியிட்ட வேறொரு பக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும். மாறாக, ஏதேனும் ஒரு துறையோ நிறுவனமோ வெளியிட்ட செய்திக்குறிப்பில் அதே வாக்கியம் அகப்படுமானால், அந்த ஒரு செய்தியைப் பொறுத்தவரை நண்பரின் ஐயத்துக்கு இடமுண்டு.