முழங்காலுக்கு ஊசி போட்டவர் கைவிரலைப் பார்த்தாரா?

போன வாரம் ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டாள்: "அக்கா, எனக்கு முடக்குவாதம்னு சொல்லிட்டாங்க. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடலாம்ங்கறார் டாக்டர். ஸ்டீராய்டுன்னதும் வீட்ல எல்லாரும் பதறுறாங்க. போட்டுக்கலாமா?"

பதில் நீண்டுபோனதால் இங்கேயே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 11 வருடமாக இந்த நோயோடு இருப்பவள், ஊசியின் நல்லது கெட்டது இரண்டையும் அனுபவித்தவள்.

போட்டுக்கோம்மா. ஆனால் ஒன்று சொல். ஊசி போடச் சொன்னவர் உன் கைவிரல்களைத் தொட்டுப் பார்த்தாரா?

எனக்கு முதலில் வீங்கியது வலது முழங்கால். காட்டிய இடத்தில் அன்றைக்கே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறினேன். மேல்படியில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம். சில மாதத்தில் வீக்கம் திரும்பியது, இன்னொரு ஊசி. பிறகு மூன்றாவது. அந்த ஒரு வருடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. தண்ணீர்க் குழாயை உள்ளங்கையால் அழுத்தித்தான் திருப்புவேன். ஊசி போட்ட டாக்டர் அதைக் கேட்கவே இல்லை. முழங்கால்தான் நன்றாயிருக்கிறதே என்று நானும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போனேன். அவர் முழங்கால் பக்கமே போகவில்லை. என் இரண்டு கைகளையும் வாங்கிக்கொண்டு, விரல்கள் தொடங்கும் இடத்து மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே கண்ணைச் சுருக்கினேனோ அங்கெல்லாம் நோய் இருந்தது. எக்ஸ்ரேயில் இடது கையில் இரண்டு மூட்டுகளின் எலும்போரம் அரித்துப்போயிருந்தது. அந்த எலும்பு இனி பழையபடி ஆகாது. முழங்கால் அமைதியாக இருந்த அதே மாதங்களில்தான் இது நடந்திருக்கிறது. அந்த ஆதங்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கோத்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஊசியில் உள்ளே போகும் ஸ்டீராய்டு, ட்ரையாம்சினோலோனோ மெத்தில்பிரட்னிசோலோனோ, அந்த ஒரு மூட்டின் அழற்சியை அடக்கும். சில வாரம், சிலருக்குச் சில மாதம். மற்ற மூட்டுகளில் நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். அதைக் கட்டுப்படுத்த மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள் வேண்டும். (மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, எத்தனை முறை சொன்னாலும் தகும்.) அந்த மாத்திரை முழுசாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை நடக்கவும் தூங்கவும் ஊசி கைகொடுக்கும். நோய் அடங்கியிருக்கும்போது திடீரென்று ஒரு மூட்டு மட்டும் முரண்டு பிடித்தாலும் ஊசிதான் சரி. ஆனால் ஒரே மூட்டு திரும்பத் திரும்ப ஊசி கேட்டால், மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டியது மருந்தை. ஒரே மூட்டில் குறைந்தது மூன்று மாத இடைவெளி, வருடத்தில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொதுவான வழக்கம்.

வீட்டில் பயப்படுவது காரணமில்லாமல் இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கமுடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அதிக அளவில் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு என்றாலே பயம் என்பது அங்கிருந்து வந்தது. 1951ல் ஜோசஃப் ஹாலண்டர் என்ற மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை நேராக மூட்டுக்குள்ளேயே செலுத்திக் காட்டினார். வருடக்கணக்கில் தினமும் விழுங்கும் ஸ்டீராய்டும், எப்போதோ ஒரு மூட்டுக்குள் போகும் 40 மில்லிகிராமும் ஒன்றில்லை.

"ஊசி குருத்தெலும்பைத் தின்றுவிடும்" என்றும் சொல்வார்கள். 2017ல் வந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு வருடம் முழங்காலில் ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது உண்மை. ஆனால் அவர்களுக்கு இருந்தது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதத்தில் அழற்சியை அடக்காமல் விட்டால் அந்த அழற்சியே குருத்தெலும்பைத் தின்றுவிடும்.

போட்டுக்கொள்ளும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். எனக்கு வந்தது கலங்கிய மஞ்சள் நீர், சிரிஞ்ச் நிறைய நிறைய முழங்கால் இறுக்கம் தளர்வது தெரிந்தது. கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தால் அந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு தெரியும்வரை ஸ்டீராய்டு போடக் கூடாது. காய்ச்சல் இருந்தால் மறைக்காதே. சர்க்கரை இருந்தால் சில நாளுக்கு ஏறும், அளந்து பார். முகம் சிவக்கலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், சின்ன மூட்டுகளில் இது கொஞ்சம் அதிகம். முதல் ஓரிரு நாள் வலி கூடினால் பயப்படாதே, காலுக்கு ஓய்வு கொடு. அதற்கப்புறமும் வலி ஏறிக்கொண்டே போய், மூட்டு சுட்டு, காய்ச்சலும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ. தொற்று அபூர்வம், ஆனால் வந்தால் மூட்டையே அழித்துவிடும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். எந்த மூட்டு, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் தாங்கியது, எல்லாம் எழுது. அடுத்த முறை டாக்டர் முன்னால் அதைப் பிரித்து வை. என் நோட்டின் முதல் பக்கத்தில் மட்டுமே மூன்று ஊசி இருக்கிறது, மூன்றும் வலது முழங்கால். மெத்தோட்ரெக்சேட் தொடங்கிய பிறகு வரிகளுக்கு இடையில் தேதிகள் தள்ளித் தள்ளிப் போகின்றன. கடைசி வரி: "வலது மணிக்கட்டு, 20 மில்லிகிராம்." அதை எழுதி 14 மாதம் ஆகிறது.

சரி, உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் மடங்காமல் இருக்கிறது? எழுது, காத்திருக்கிறேன்.