புகார் எண் வந்தவுடன் முடிந்துவிடுகிறதா நம் வேலை?

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு 1913 என்ற மாநகராட்சி உதவி எண் மனப்பாடம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது என்றால் உடனே அந்த எண்ணை அழைக்கிறோம். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்ததும் அதை நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எரியாத விளக்கை எரியவைக்க இது நல்ல வழிதான். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் வேண்டும், காலியாகக் கிடக்கும் மாநகராட்சி இடத்தில் பூங்கா வரலாமா அங்கன்வாடி வரலாமா என்பவை புகார்கள் அல்ல. அவை பலர் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள். அப்படிக் கூடிப் பேசும் பழக்கம் நம்மிடம் தேய்ந்துவிட்டது என்பதே என் கவலை.

அதற்கு நாம் மட்டும் காரணம் அல்ல. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் 200 வார்டுகளில் ஒன்றிலும் கவுன்சிலர் இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத ஊரில் தொலைபேசி எண்ணே மக்கள் பிரதிநிதியாகிவிட்டது. மேலும், கிராமத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை உண்டு. நகரத்தில் இருப்பவருக்கு அப்படி ஒன்று நெடுங்காலம் இருந்ததில்லை. நகராட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தும், தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. இப்போது ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசப் பகுதி சபை என்று சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது. அதற்கு எத்தனை பேர் போகிறோம்? கூட்டம் நடக்கும் செய்தி முந்தைய நாள் மாலையில்தான் வருகிறது என்ற குறை பல இடங்களில் உண்மைதான். ஆனால் நலச்சங்கங்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியதாகவும் நான் கேள்விப்படவில்லை.

கூடிப் பேசி ஒரு பெரிய வேலையைச் சாதிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஆலந்தூரைத்தான் சொல்வேன். இன்று மாநகராட்சியின் ஒரு மண்டலமாக இருக்கும் ஆலந்தூர், 2011 வரை தனி நகராட்சி. 1990களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி. அப்போது நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதியும் அங்கிருந்த குடியிருப்போர் நலச்சங்கங்களும் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டச் சொல்லிக் கேட்டார்கள். அன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. அதிலும், குழாய் பதிக்கக் குழி தோண்டுவதற்கு முன்பே, நகராட்சியை நம்பிக் கட்ட வேண்டிய தொகை. ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டின, திட்டமும் நிறைவேறியது. அந்தப் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, செலவு எவ்வளவு, யார் எவ்வளவு தர வேண்டும், எப்போது முடியும் என்ற கேள்விகள் தெருமுனையில் வெளிப்படையாகக் கேட்கப்பட்டதுதான். சங்கங்கள் மக்களுக்கும் நகராட்சிக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பொறுப்பேற்றன.

இன்றைய நலச்சங்கங்கள் பல, பெயரளவில் குடியிருப்போர் சங்கம். நடைமுறையில் வீட்டு உரிமையாளர் சங்கம். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுபவர் வாடகைக்காரர், சங்கத்தில் வாக்குரிமையோ வேறு ஊரில் இருக்கும் உரிமையாளருக்கு. தெருக்கோடியில் ஓர் அறையில் வசிக்கும் குடும்பமும், மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரும் சங்கத்தின் கணக்கிலேயே வருவதில்லை. வந்தாலும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள். ஆனால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருக்கடைகள் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. பகுதி சபையோ வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஆகவே சொந்த ஊரிலேயே வாக்கை வைத்திருக்கும் வாடகைக்காரர்கள், பல ஆண்டுகளாக இங்கேயே வாழ்பவர்கள் என்றால், அதை இங்கே மாற்றிக்கொள்வது நல்லது.

சபையில் கேட்க வேண்டிய கேள்விகளும் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அப்படியிருந்தும் சாலை உயர்ந்து, வாசற்படி பள்ளமாகி, மழைநீர் வீட்டுக்குள் வரும் தெருக்கள் இன்னமும் இருக்கின்றன. வேலை தொடங்குமுன் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துவைத்து, முடிந்தபின் உதவிப் பொறியாளரிடம் எம்-புக்கை, அதாவது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தை, காட்டச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும். தனியாளாக ஒருவர் கேட்டால் ‘பார்க்கலாம் சார்’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். சபையில் ஐம்பது பேர் முன்னிலையில் கேட்ட கேள்வியை அப்படித் தட்டிக் கழிக்க முடியாது.

கழிவுநீர் விஷயத்தில் சங்கடம் நம் பக்கமும் இருக்கிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது என்று அவர்கள் ஒருவரையொருவர் காட்டுவதை நாம் கேலி செய்கிறோம். ஆனால் மழையே இல்லாத நாளில் அந்த வடிகாலில் ஓடும் தண்ணீர், நம்மில் சிலர் வீடுகளிலிருந்து திருட்டு இணைப்பு வழியாக வருவதுதான். எந்தெந்த வீடு என்பது பெரும்பாலும் தெருவுக்கே தெரியும். அக்கம்பக்கத்தில் எதற்கு மனக்கசப்பு என்று யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த பகுதி சபைக்கு இரு துறைப் பொறியாளர்களையும் அழைக்கும்படி கவுன்சிலரிடம் இப்போதே எழுத்துமூலம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், நலச்சங்க நிர்வாகிகள் தங்கள் வீட்டு இணைப்புகள் எங்கே போகின்றன என்று முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.