கேட்டவரை விடுங்கள், கேள்விக்கு என்ன பதில்?

2020 மார்ச் 16, திங்கட்கிழமை மக்களவையில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றியது, அதனால் நான் மறுபடி விளக்கப் போவதில்லை. காங்கிரஸின் ராகுல் காந்தி கேட்டது ஒன்றுதான்: வங்கிகளில் வாங்கிய கடனை வேண்டுமென்றே கட்டாத முதல் 50 பேர் யார்? அப்போதைய நிதித்துறை இணையமைச்சர் அனுராக் தாக்கூர் எழுந்து, பெயர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன என்றார். பிறகு பேச்சு காங்கிரஸ் ஆட்சிக்காலத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது துணைக்கேள்வி கேட்க ராகுலுக்கு வாய்ப்பே தரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவையில் நடந்ததைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது எங்கள் குடும்ப குரூப்பில் நடந்தது. நான் மிகவும் மதிக்கும் அத்தான், ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியே பிழைத்தவர், அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி போட்டார்: "இதையெல்லாம் கேக்க இவன் யாரு?" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

இவன் யாரு என்பது பதில் இல்லை, அத்தான். அதுவும் ஒரு கேள்விதான். பதில் அன்று வரவில்லை.

யெஸ் பேங்க் விஷயத்திலும் இதேதான். மார்ச் 5 ராத்திரி, ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு அந்த வங்கிக்குத் தடை போட்டது, 50,000 ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்றது. அந்த வங்கியை நம்பி ஓடிய போன்பே செயலியும் அன்று ராத்திரியே முடங்கியது. இரண்டு நாளில் காங்கிரஸின் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அவர் சொன்னது அந்த வங்கியின் சொந்தக் கணக்கு. 2014 மார்ச்சில் அது கொடுத்திருந்த கடன் 55,633 கோடி. 2019 மார்ச்சில் 2,41,499 கோடி. ஐந்து வருடத்தில் நாலு மடங்குக்கும் மேல். எப்படி வளர விட்டீர்கள் என்று கேட்டார்.

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தரப்பிலிருந்து வந்தது என்ன? யெஸ் பேங்க் கடன் கொடுத்த அனில் அம்பானி குழுமம், எஸ்ஸெல், டி.எச்.எஃப்.எல்., ஐ.எல்.அண்டு எஃப்.எஸ்., வோடஃபோன் எல்லாம் 2014-க்கு முந்தைய விவகாரம் என்றார். 2006-ல், சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, யுனைடெட் வெஸ்டர்ன் வங்கியை ஐ.டி.பி.ஐ.யோடு இணைத்தீர்களே என்றார். 2017 முதலே இந்த வங்கியை ரிசர்வ் வங்கி கண்காணித்து வருகிறது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 2017 மார்ச்சில் அந்த வங்கியின் கடன் 1,32,263 கோடி. கண்காணிப்பில் இருந்த இரண்டே வருடத்தில் அது ஒரு லட்சம் கோடிக்கு மேல் கூடியிருக்கிறது. கண்காணித்தவர்கள் எதைக் கண்காணித்தார்கள்? 2006-ல் வேறொரு வங்கியை யார் எதோடு இணைத்திருந்தாலும் இந்த ஒரு லட்சம் கோடிக்கு அது பதில் ஆகுமா? தப்பு நடந்திருந்தால் அதையும் விசாரியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று கேட்ட கேள்விக்கு இன்று பதில் வேண்டும்.

உடனே சொல்வார்கள், சிதம்பரமே ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் 106 நாள் காவலில் இருந்துவிட்டு வந்தவர், ஜாமீனில் வெளியே இருப்பவர், அவருக்கு வங்கியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் தண்டனை கொடுக்கட்டும், நான் அவருக்காக அழப் போவதில்லை. ஆனால் 55,633 என்ற எண் அவர் வாயிலிருந்து வந்ததால் 55,632 ஆகிவிடுமா? கணக்கு தெரிந்தவர்தானே நீங்கள், அத்தான்.

பிரியங்கா காந்தி விற்ற ஓவியத்தை யெஸ் பேங்க் நிறுவனர் ராணா கபூர் இரண்டு கோடிக்கு வாங்கினாரே என்கிறார்கள். விசாரிக்கட்டும். வங்கியில் பணம் போட்டவருக்கு அதனால் ஒரு ரூபாய் திரும்பி வராது.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் அப்பா தன் ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி, பத்திரிகையைத் திறந்தால் முழுப் பக்க விளம்பரம். ஒரு நாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அப்பா டெபாசிட் ரசீதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். போன இடத்தில் எல்லாம் அவரைத்தான் விசாரித்தார்கள். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டது யார்? யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? படித்தவர்தானே நீங்கள்? பணத்தை எடுத்துக்கொண்டு போனவனை யாரும் கேட்கவில்லை. பறிகொடுத்தவர் குற்றவாளி போல நின்றார்.

ஒரு நாள் டெபாசிட்தாரர்கள் எல்லாம் சேர்ந்து ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். எதிர்க்கட்சியின் ஏரியா புள்ளி ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். ஆள் எப்படிப்பட்டவர் என்று எங்கள் பேட்டைக்கே தெரியும். அம்மா, "இந்த ஆளையா கூட்டிட்டு வந்து பேச வெச்சிருக்கீங்க" என்று வீட்டில் சத்தம் போட்டாள். அப்பா சொன்னார்: "அவன் யாரா வேணா இருக்கட்டும். என் கேள்விய என்னால அவ்ளோ சத்தமா கேக்க முடியலயே." அந்த மாதிரி சத்தமெல்லாம் சேர்ந்துதான் 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கென்று தனி நீதிமன்றம் வந்தது. அப்பாவுக்கு அசலில் ஒரு பகுதி கிடைத்தது. அதுவும் பல வருடம் கழித்து.

அதனால்தான் சொல்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் உத்தமர் என்பதற்காக நாம் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நமக்கு மைக் கிடையாது, அவருக்கு இருக்கிறது. அவர் வாயை அடைத்தால் அடைபடுவது நம்முடைய கேள்வி.

மியூசிக் அகாடமி இருக்கிற சாலையில் தினமும் போகிறோமே, அது யார் பெயர்? டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நேருவின் நிதியமைச்சர், நம் ஊர்க்காரர், திறமைசாலி என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். 1957 டிசம்பரில் மக்களவையில் ஃபெரோஸ் காந்தி எழுந்து, எல்.ஐ.சி. பணத்தை ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். கேட்டவர் ஆளுங்கட்சி எம்.பி., அதிலும் பிரதமரின் மருமகன். குடும்பச் சண்டை என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை வைத்தார்கள், அதுவும் ஜனங்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். விவகாரத்தில் சிக்கிய தொகை சுமார் 1.24 கோடி. இன்றைக்கு நாம் பேசுவது லட்சம் கோடிகளில். இரண்டாவது துணைக்கேள்விக்குக்கூட இடம் இல்லை என்கிறார்கள்.

வங்கியைப் பற்றி இப்படிப் பேசினால் ஜனங்கள் பீதியாகி எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுவார்கள், அது பொறுப்பில்லாத அரசியல் என்று இன்னொரு வாதம். இது ஓரளவு நியாயமான வாதம்தான். வங்கி நம்பிக்கையில் ஓடுகிறது. ஆனால் பீதி கேள்வியால் வருகிறதா, பதில் இல்லாததால் வருகிறதா? 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அதற்கு முந்தின நாள் வரை யாரும் பீதி கிளப்பவில்லையே! எல்லாம் அமைதியாக, அழகாகத்தான் இருந்தது. இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1906-ல் வங்கித் தொழில் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி விழுந்து மெட்ராஸில் எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. பணம் போட்டவர்கள் பக்கம் நின்று கோர்ட்டில் வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பேசாமல் இருந்துவிடவில்லை. ஆர்பத்நாட் துரை ஜெயிலுக்குப் போனார். அடுத்த வருடமே இந்தியன் வங்கி பிறந்தது. கேள்வி கேட்டதால் வங்கித் தொழில் அழியவில்லை, இந்த ஊருக்குச் சொந்தமாக ஒரு வங்கி கிடைத்தது.

மார்ச் 18 மாலை ஆறு மணிக்கு யெஸ் பேங்க் மீதான தடை நீங்கிவிட்டதே, இன்னும் என்ன புலம்பல் என்று கேட்பீர்கள். நீங்கியது நல்லது. ரிசர்வ் வங்கி வேகமாகச் செயல்பட்டதும் நல்லது, அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் காப்பாற்றியது யார் பணம்? 7,250 கோடி வரை போட ஸ்டேட் வங்கி ஒப்புதல் கொடுத்தது. ஸ்டேட் வங்கியில் இருப்பது உங்கள் பணம், என் பணம். யெஸ் பேங்க்கில் நூறு பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் பங்கில் முக்கால்வாசியை மூன்று வருடத்துக்கு விற்க முடியாது என்று பூட்டிவிட்டார்கள். வங்கியை இந்த நிலைக்குக் கொண்டுவந்த கடனை வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டால் மட்டும் தேசத்தின் மதிப்பு குறைந்துவிடுமா?

இப்போது என்னை காங்கிரஸ்காரன், தி.மு.க.காரன் என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். 2011-ல், 2012-ல் 2ஜி அலைக்கற்றை பற்றி, நிலக்கரி ஒதுக்கீடு பற்றி அன்று எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வினர் கேட்டபோது நானும் சேர்ந்துதான் கேட்டேன். அன்றைக்கு அத்தான் என் தோளைத் தட்டி "கரெக்டா கேட்டடா" என்றார். ஆட்சி மாறியதும் அதே வாயில் தேசத்துரோகி என்று வருகிறது. இது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2019-ல் பாடியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் வேலையில்லா நாள் அறிவித்தபோது, இதே சென்னையில் செய்தியாளர்களிடம் நிதியமைச்சர், இளைஞர்கள் கார் வாங்காமல் ஓலா, ஊபரில் போகிறார்கள் என்று காரணம் சொன்னார். லாரி விற்பனையும் விழுந்ததே, லாரிக்குப் பதிலாக யார் ஊபரில் போனார்கள் என்று நான் கேட்டேன். அன்றும் எனக்குக் கிடைத்த பதில், நீ யார் என்பதுதான். 2019 கடைசிக் காலாண்டில் பொருளாதார வளர்ச்சி 4.7 சதவீதம் என்று 2020 பிப்ரவரியில் அரசே சொன்னது. கேட்டவர்கள் வாயை அடைத்ததால் அந்த எண் ஏறவில்லை.

அத்தான், உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. குரூப்பிலிருந்து வெளியேறவும் மாட்டேன். முதல் 50 பேர் யார்? கண்காணிப்பில் இருந்த வங்கி இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் கோடி கடன் கொடுத்தது எப்படி? இந்த இரண்டுக்கும் நேரான பதில் எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் சரி, நிதியமைச்சரே சொன்னால் இன்னும் நல்லது, எனக்கு அனுப்புங்கள். அவர் பெயரோடு இங்கேயே போடுகிறேன்.