2012 பேஸ்பால் சீசன்: அட்டவணையைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் யார்?

2012 பேஸ்பால் சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒன்று மிகுவேல் கப்ரேரா கட்சி, இன்னொன்று மைக் ட்ரவுட் கட்சி. அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் எம்.வி.பி. விருது, அதாவது ஆண்டின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது, இவர்களில் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. தீர்ப்பு அந்த ஆண்டு நவம்பரிலேயே வந்துவிட்டது. ஓட்டுப் போட்ட 28 விளையாட்டுப் பத்திரிகை எழுத்தாளர்களில் 22 பேர் கப்ரேராவை முதலிடத்தில் வைத்தார்கள், 6 பேர் ட்ரவுட்டை. மேல்முறையீடுதான் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இந்தச் சண்டையை வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கண்ணால் ஆட்டம் பார்த்தவர்கள் கப்ரேரா பக்கம் நின்றார்களாம்; மைதானத்தையே பார்க்காமல் கணக்குப் போட்டவர்கள் ட்ரவுட் பக்கம் நின்றார்களாம். எனக்கு இது துளியும் ஏற்புடைய கதை அல்ல. நடந்தது இதற்கு நேர்மாறு. கண்ணை மூடிக்கொண்டு அட்டவணையைப் படித்தவர்கள் அந்த 22 பேர்தான்.

கப்ரேரா செய்தது சிறிய காரியம் என்று நான் சொல்லவில்லை. பேட்டிங் சராசரி .330, ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி வேலிக்கு அப்பால் அடிப்பது) 44, ஆர்.பி.ஐ. 139. மூன்றிலும் லீகிலேயே முதலிடம். கிரிக்கெட் சராசரிக்குப் பழகியவர்களுக்காக ஒரு வரி: கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 330 முறை ஹிட் அடித்தார் என்று பொருள். ஆர்.பி.ஐ. என்பது அவர் அடித்ததால் உள்ளே வந்து சேர்ந்த ரன்களின் எண்ணிக்கை. இந்த மூன்றிலும் ஒரே ஆள் முந்தினால் அதற்குப் பெயர் டிரிபிள் கிரவுன். 1967-இல் பாஸ்டனின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி செய்த பிறகு 45 ஆண்டுகளாக இரண்டு லீகிலும் யாருக்கும் அது கைகூடவில்லை. வெனிசுவேலாவின் மராக்காய் நகரத்திலிருந்து வந்தவர் அதைச் செய்து முடித்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஆண்டு அவர் மூன்றாம் பேஸுக்கு, அதாவது ரன்னுக்கு ஓடுகிறவர் தொட வேண்டிய மூன்றாவது தளத்தைக் காக்கும் இடத்துக்கு, போன கதை. ஜனவரியில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி பிரின்ஸ் ஃபீல்டரை 9 ஆண்டுகளுக்கு 21.4 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஃபீல்டருக்கு முதல் பேஸைத் தவிர வேறு இடம் தெரியாது. அது வரை அங்கே நின்றுகொண்டிருந்த கப்ரேரா, முணுமுணுக்காமல் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது லேசுப்பட்டதல்ல. வலக்கைப் பேட்டர் இழுத்து அடிக்கும் பந்து அங்கேதான் தெறித்து வரும். மார்ச் மாதப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் அப்படி ஒரு தரைப்பந்து துள்ளி எழுந்து அவர் முகத்தில் மோதியது. கறுப்புக் கண்ணாடி உடைந்தது, வலக்கண்ணுக்குக் கீழே எலும்பில் விரிசல். சீசனின் முதல் ஆட்டத்தில் ஆள் அதே இடத்தில் நின்றார். மொத்தம் 161 ஆட்டங்கள் ஆடினார். அந்த மனிதரை யாராவது இளக்காரமாகப் பேசினால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் விருது நல்ல மனத்துக்கும் இல்லை, அரிய பட்டத்துக்கும் இல்லை. அந்த ஆண்டு அந்த லீகில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கு அது போக வேண்டும். அங்கேதான் 20 வயதுப் பையன் ஒருவன் குறுக்கே வருகிறான்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அந்த ஆண்டை எப்படித் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆல்பர்ட் புஹோல்ஸுக்கு 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் என்று ஒப்பந்தம். அவரோ மே 6 வரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. அணி 6 வெற்றி, 14 தோல்வி என்று பாதாளத்தில் கிடந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி தங்கள் கீழ்நிலை அணியான சால்ட் லேக்கிலிருந்து மைக் ட்ரவுட்டைக் கூப்பிட்டார்கள். அதே நாளில்தான் வாஷிங்டன் அணி 19 வயது பிரைஸ் ஹார்ப்பரையும் களமிறக்கியது. பேஸ்பாலின் அடுத்த பத்தாண்டுகள் ஒரே சனிக்கிழமையில் வந்து இறங்கிவிட்டன என்று சொல்லலாம். ஹார்ப்பர் பின்னால் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். அமெரிக்கன் லீகில் ட்ரவுட்டுக்கு அந்த விருது ஒருமனதாகக் கிடைத்தது.

ட்ரவுட் வந்த பிறகு ஏஞ்சல்ஸ் 83 வெற்றி, 59 தோல்வி. அவருடைய கணக்கு: சராசரி .326, ஹோம் ரன் 30, ஸ்டீல் (ஹிட் இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது) 49, ஓடிச் சேர்த்த ரன் 129. நாற்பத்தொன்பது முறை பேஸ் திருடியவர் பிடிபட்டது ஐந்தே முறை. 30 ஹோம் ரன்னும் 30 ஸ்டீலும் ஒரே சீசனில் எட்டியவர்களில் அவரைவிட இளையவர் கிடையாது. சராசரியில் கப்ரேராவுக்கும் அவருக்கும் இடையே வெறும் நான்கு புள்ளி வித்தியாசம்.

இனி அந்த "கண்ணால் பார்த்தவர்கள்" விஷயத்துக்கு வருவோம். ஜூன் 27, பால்டிமோர் மைதானம். ஜே.ஜே. ஹார்டி ஆழமாக ஒரு பந்தை சென்டர் ஃபீல்டுக்கு மேல் தூக்கி அடித்தார். ட்ரவுட் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார். சுவருக்கு முன்னால் காலை ஊன்றி எழும்புகிறார். இடுப்பு வரைக்கும் சுவருக்கு மேலே போய்விட்டதோ என்று தோன்றும்படி உடம்பு அந்தரத்தில் நிற்கிறது. கையுறை வேலிக்கு அப்பால் போய்ப் பந்தோடு திரும்புகிறது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். ஸ்கோர் தாளில் இதற்கு என்ன பதிவு? ஒரு சாதாரண கேட்ச். அவ்வளவுதான். பறிபோன ஹோம் ரன் எந்தப் பத்தியிலும் ஏறாது. ட்ரவுட் அந்த சீசனில் சுவருக்கு மேலிருந்து பறித்தது இது ஒன்று மட்டுமல்ல.

இன்னும் சொல்கிறேன். கப்ரேரா அந்த ஆண்டு 28 முறை டபுள் ப்ளேயில் மாட்டினார், லீகிலேயே அதிகம். ஒரு தரைப்பந்து அடித்து இரண்டு பேரை அவுட்டாக்கி, தன் அணியின் வாய்ப்பைத் தானே பொசுக்கிய சந்தர்ப்பங்கள் அவை. ட்ரவுட் அப்படி மாட்டுவது அபூர்வம்; ஒரு ஹிட்டுக்கு முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்குப் பாய்ந்து போய்விடுகிற கால் அது. இவையெல்லாம் மைதானத்தில் எல்லோரும் கண்ணாரக் கண்டவைதானே? புதிய புள்ளிவிவரக்காரர்கள் செய்தது, கண்ணுக்குத் தெரிந்த இந்த ஓட்டத்தையும் பாய்ச்சலையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சேர்த்ததுதான். அவர்களுடைய 'வார்' என்ற அளவுகோல், ஒரு சராசரிக்கும் கீழான மாற்று ஆட்டக்காரரைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கொடுத்தார் என்று மதிப்பிடும். அதில் ட்ரவுட் பத்துக்கு மேல், கப்ரேரா ஏழையொட்டி. அளவுகோலில் குறை இருக்கலாம், ஃபீல்டிங்கை அளப்பதில் நிச்சயமாக உண்டு. ஆனாலும் மூன்று வெற்றி வித்தியாசம் அளவுப் பிழையில் கரைந்துபோகிற வித்தியாசம் அல்ல.

எதிர்த்தரப்பு கையில் வைத்திருந்ததோ சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. என்று அட்டவணையின் மூன்று பத்திகள். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நூறாண்டாக அச்சாகும் அதே மூன்று பத்திகள். அதில் ஆர்.பி.ஐ. முக்கால்வாசி கூட்டாளிகளின் சொத்து. டைகர்ஸின் முதல் பேட்டர் ஆஸ்டின் ஜாக்சன் அந்த ஆண்டு .300 அடித்து, ஓயாமல் பேஸில் ஏறி நின்றதால்தான் அவரை உள்ளே கொண்டுவரும் வாய்ப்பு கப்ரேராவுக்கு அமைந்தது. ட்ரவுட்டோ அணியின் முதல் பேட்டர். அவருக்கு முன்னால் வருவது ஒன்பதாவது ஆள். அவர் எங்கிருந்து 139 பேரை உள்ளே கூட்டிவருவது?

"கப்ரேரா அணியை ப்ளே ஆஃபுக்குக் கொண்டுபோனார், ட்ரவுட் கொண்டுபோகவில்லை" என்பது அடுத்த வாதம். ப்ளே ஆஃப் என்பது சீசன் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் முந்திய அணிகள் மோதும் சுற்று. இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. டைகர்ஸ் வென்றது 88 ஆட்டம். ஏஞ்சல்ஸ் 89. டம்பா பே 90 வென்றும் வீட்டில்தான் உட்கார்ந்தது. ஏஞ்சல்ஸின் பிரிவில் ஓக்லாந்து 94, டெக்சாஸ் 93 என்று இரண்டு முரட்டு அணிகள். டைகர்ஸின் பிரிவில் அடுத்து வந்த சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு 85. ஆக, சிகாகோ செப்டம்பரில் சறுக்கியது கப்ரேராவின் மதிப்பாகிவிட்டது. ஓக்லாந்து ஜெயித்தது ட்ரவுட்டின் குறையாகிவிட்டது. இது என்ன நியாயம்?

கடைசி இரண்டு மாதங்களில் கப்ரேரா உச்சத்தில் இருந்தார், ட்ரவுட்டின் வேகம் சற்றுத் தணிந்தது என்பது உண்மை. கப்ரேரா கட்சியின் வாதங்களில் நான் மதிப்பது அது ஒன்றைத்தான். ஆனாலும் மே மாதம் வென்ற ஆட்டமும் செப்டம்பரில் வென்ற ஆட்டமும் அட்டவணையில் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால் டிரிபிள் கிரவுன் வாங்கினால் எம்.வி.பி. தானாக வந்துவிடும் என்று எந்த மரபும் இல்லை. பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 1942-லும் 1947-லும் இரண்டு முறை டிரிபிள் கிரவுன் எடுத்தார். இரண்டு முறையும் விருது நியூயார்க் யாங்கீஸ்காரர் ஒருவருக்குப் போனது. 1947-இல் ஜோ டிமாஜியோவிடம் ஓட்டுக் கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். மரபைக் காப்பதாகச் சொன்னவர்கள் எந்த மரபைக் காத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மற்ற விருதுகளில் நேஷனல் லீக் எம்.வி.பி. சரியான ஆளுக்குத்தான் போனது. சான் பிரான்சிஸ்கோவின் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) பஸ்டர் போஸி, 2011 மே மாதம் ஹோம் ப்ளேட்டில், அதாவது ரன் முடியும் தளத்தில், நடந்த மோதலில் கால் உடைந்து அந்த சீசனையே இழந்தவர். மறு ஆண்டு திரும்பி வந்து .336 அடித்தார். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. சராசரியில் உண்மையில் முன்னால் இருந்தவர் அவருடைய அணித்தோழர் மெல்கி கப்ரேரா, .346. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி ஆகஸ்டில் 50 ஆட்டத் தடை வாங்கினார். சராசரிப் பட்டத்துக்குத் தகுதி பெற 502 முறை மட்டை பிடித்திருக்க வேண்டும். அவர் 501-இல் நின்றுவிட்டார். குறைந்த ஒன்றை அவுட் என்று வைத்துக் கணக்கிடலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அப்படி வைத்தாலும் பட்டம் அவருக்குத்தான். கடைசியில் தனக்கு அது வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொள்ள, அந்த ஆண்டுக்கு மட்டும் விதியை ஒதுக்கிவைத்தார்கள். வேண்டியபோது அட்டவணையை வளைக்க இவர்களுக்குத் தெரியும்!

இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் கடைசிப் பந்தும் இதோடு சேர்ந்ததுதான். பத்தாவது இன்னிங்ஸ், டெட்ராய்ட் மைதானம், மட்டையோடு நிற்பவர் மிகுவேல் கப்ரேரா. சான் பிரான்சிஸ்கோவின் பிட்சர் (பந்து வீசுபவர்) செர்ஜியோ ரோமோ ஸ்லைடராக, அதாவது விலகி வளையும் பந்தாக, போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று நட்டநடுவே ஒரு வேகப்பந்தை விட்டார். கப்ரேரா மட்டையை அசைக்கவே இல்லை; மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். அதைப் பிடித்தவர் போஸி. ஓட்டுகள் ப்ளே ஆஃப் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் இது எந்தக் கணக்கிலும் சேராது. எனினும் இரண்டு எம்.வி.பி.களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபடி ஒரு சீசன் முடிவது அடிக்கடி நடப்பதல்ல.

சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் நேஷனல் லீகில் ஆர்.ஏ. டிக்கி. என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் மிக இனிய செய்தி இதுதான். 1996-இல் டெக்சாஸ் அணி அவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் பேசியது. பத்திரிகை அட்டைப்படம் ஒன்றில் அவர் கை தொங்கும் விதம் சரியில்லையே என்று அணியின் மருத்துவப் பணியாளர் சந்தேகப்பட, பரிசோதித்துப் பார்த்தால் முழங்கையில் இருக்க வேண்டிய தசைநார் பிறவியிலேயே இல்லை. தொகை 75,000 ஆனது. பிறகு நக்கிள்பால் பழகினார். நகநுனியால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் விடும் பந்து அது. எங்கே போகும் என்று போட்டவருக்கே தெரியாது. அதை வைத்து 2006-இல் களமிறங்கிய முதல் ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்த மனிதர் 37 வயதில் நியூயார்க் மெட்ஸுக்காக 20 வெற்றி, 6 தோல்வி. நக்கிள்பால் போடுகிறவர் ஒருவர் இந்த விருதை வாங்குவது அதுவே முதல் முறை.

அமெரிக்கன் லீகின் சை யங் ஓட்டில் டம்பா பேயின் டேவிட் பிரைஸ் 153 புள்ளி, டெட்ராய்டின் ஜஸ்டின் வெர்லாண்டர் 149. பிரைஸுக்கு 20 வெற்றி, வெர்லாண்டருக்கு 17. வெர்லாண்டர் 27 இன்னிங்ஸ் கூடுதலாக வீசியிருந்தார். அந்த வட்டமான 20 இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். 2010-இல் 13 வெற்றி மட்டுமே பெற்ற ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு அதே விருதைக் கொடுக்கத் தெரிந்த கூட்டம்தான் இது.

ட்ரவுட்டுக்கு எம்.வி.பி. கிடைத்தது 2014-இல், ஒருமனதாக. அந்த ஆண்டு அவர் சராசரி .287-க்கு இறங்கியிருந்தது, ஸ்டீல் 16-தான், ஸ்ட்ரைக்-அவுட்டில் லீகிலேயே முதலிடம். 2012-ஐவிடப் பல வகையிலும் தளர்ந்த ஆட்டம். ஆனால் 111 ஆர்.பி.ஐ. எடுத்து அந்தப் பத்தியில் முதலிடம் பிடித்துவிட்டார், அணியும் 98 ஆட்டம் வென்றுவிட்டது. பிறகென்ன, 30 பேரும் கை தூக்கிவிட்டார்கள். 74 ஆட்டம் மட்டுமே வென்ற அணியில் இருந்தவருக்கு அதே விருது கொடுக்கும் தைரியம் அவர்களுக்கு 2016-இல்தான் வந்தது.

என் ஓட்டு: ட்ரவுட், கப்ரேரா, மூன்றாவதாக யாங்கீஸின் ராபின்சன் கனோ. எழுத்தாளர்கள் மூன்றாம் இடத்தில் டெக்சாஸின் ஏட்ரியன் பெல்ட்ரேயைப் போட்டார்கள். கப்ரேரா கட்சிக்காரர்கள் முதல் இரண்டு இடங்களைப் பற்றி என்னைத் திட்டி முடித்த பிறகு, கனோவா பெல்ட்ரேயா என்ற சண்டையையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு நேரம் இருக்கிறது.