மயன் வேறு, மாயா வேறு

அந்த மேடைப் பேச்சு இதற்குள் உங்கள் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். மாயா என்றால் மயன், மயன் என்றால் தமிழன், தமிழன் கப்பலேறிப் போய்க் கட்டிக் கொடுத்ததுதான் நடு அமெரிக்காவின் மாயா நாகரிகம். பேசியவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்று நாளாக அந்தக் காணொலியை எனக்கும் அனுப்பி, "பெருமையாக இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. கூச்சமாக இருக்கிறது. இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் இனிஷியல் போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

மாயா மக்கள் செய்ததை மாயா மக்கள்தான் செய்தார்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் இலக்கியத்தில் மயன் தெய்வத் தச்சன், யாரும் மறுக்கவில்லை. ஆனால் திக்கால், பலெங்கே, கோப்பான் நகரங்களைக் கட்டியவர்கள் தங்கள் எல்லாரையும் சேர்த்து 'மாயா' என்று சொல்லிக்கொண்டதில்லை. திக்கால் அரசின் பெயர் முத்துல். பலெங்கேயின் பெயர் லகம்ஹா, அவர்கள் மொழியில் 'பெருநீர்'. 'மாயா' என்பது வடக்கே யுகாத்தான் பகுதியில், மாயப்பான் நகரோடு சேர்ந்து வழங்கிய பெயர். அதை எல்லாருக்குமான பொதுப்பெயர் ஆக்கியது பிற்கால ஆய்வாளர்கள். அவர்களே வைத்துக்கொள்ளாத பெயரை வைத்து எப்படி உறவு கொண்டாடுவது?

"கல்வெட்டை யார் படித்தார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். படித்துவிட்டார்கள். 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரோசோவ் வழி காட்டினார். ஏடுகளில் வான்கோழி படத்துக்கு மேல் இரண்டு குறி, நாய் படத்துக்கு மேல் இரண்டு குறி. வான்கோழியின் இரண்டாவது குறியே நாயின் முதல் குறி. யுகாத்தான் மாயா மொழியில் வான்கோழி 'குட்ஸ்', நாய் 'ட்ஸுல்'. கு-ட்ஸு, ட்ஸு-லு என்று வைத்தால் பூட்டில் சாவி போலப் பொருந்தியது. நம் உயிர்மெய் போல ஒரு குறிக்கு ஓர் அசை, சொல்லின் கடைசி உயிர் மட்டும் ஒலிக்காது. பூட்டைத் திறந்தது மாயா மொழி, தமிழ் அல்ல.

இன்னொன்று. 615 முதல் 683 வரை பலெங்கேயை ஆண்ட அரசனின் பெயரில் ப-க-ல என்று மூன்று குறி வரும். கடைசி உயிரை விட்டால் 'பகல்'. இதையும் யாராவது பிடித்துக்கொண்டு பகலவன், சூரிய குலம் என்று கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் கேடயம். அதனால்தான் அதே பெயரைச் சில இடங்களில் கேடயப் படம் போட்டே எழுதினார்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால் உலகத்தில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை.

"ராஜேந்திர சோழன் கடல் கடக்கவில்லையா?" கடந்தான், 1025இல், ஸ்ரீவிஜயத்துக்கு. திக்காலில் தேதியோடு கிடைத்த கடைசி நடுகல் 869ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சரி, சோழனுக்கு முன்பே போனார்கள் என்று வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். போனவர்கள் இரும்பைக் கொண்டுபோக மறந்தார்களா? மாயாக்கள் திக்காலைக் கட்டியது சிக்கிமுக்கிக் கல்லையும் எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் கொண்டு. வண்டி மாடு இல்லை, நெல் இல்லை, எள் இல்லை. திரும்பி வந்தவர்கள் அங்கே விளைந்த ஒரு மிளகாயைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வரவில்லையா? மிளகாய் நமக்குப் போர்ச்சுக்கீசியர் காலத்தில்தான் வந்தது. மிளகு போல் உறைக்கிற காய் என்று அதற்கு நாம் பெயர் வைத்தோமே, அந்த ஒரு சொல் போதாதா?

கோபுரம் ஒத்துப்போகிறதாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடு. மாயா பிரமிடு உள்ளே கல்லும் மண்ணும் போட்டு அடைத்த திண்மையான மேடு, உச்சியில் சின்னக் கோயில். பழைய கோயிலை அப்படியே உள்ளே வைத்து மூடி, அதன் மேல் புதியதைக் கட்டுவார்கள். கோப்பானில் 16ஆம் எண் கோயிலுக்குள் 1989இல் கண்டெடுத்த ரோசலீலா அப்படிப் புதைத்த கோயில்தான், சிவப்புப் பூச்சுகூட உதிரவில்லை. வேலையின் முறையே வேறு. தூரத்தில் நின்று உருவத்தை மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் இரண்டும் ஒன்று.

ஒரே ஒரு எதிர்வாதம் என்னை யோசிக்க வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். "நாம் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலந்தோம், அவர்களும் மரச்சாறு கலந்தார்களே?" உண்மைதான். கோப்பான் பூச்சை ஆராய்ந்து கிரனாடா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்டது அதுதான்: சுகூம், ஹியோத்தே மரப்பட்டைச் சாறு சேர்ந்ததால் பூச்சு சிப்பி ஓடு போல இறுகியிருக்கிறது. ஆனால் இது எதைக் காட்டுகிறது? சுண்ணாம்பு யார் கையிலும் சுண்ணாம்பாகத்தான் நடந்துகொள்ளும். வெறும் சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரைவதைப் பார்த்த கொத்தனார் அங்கேயும் இருந்தார், இங்கேயும் இருந்தார். அவரவர் காட்டில் இருந்ததை அவரவர் கலந்து பார்த்தார்கள். அங்கே கடுக்காய் கிடையாது.

சுண்ணாம்பு என்றதும் சோளத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் சொல்வது மக்காச்சோளம். ஒரு கிலோ காய்ந்த மணிக்கு 10 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, இறக்கி, இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, அம்மியில் ஈரமாக அரைத்தால் ரொட்டி தட்டும் பதத்துக்கு மாவு வரும். சுண்ணாம்பு குறைந்தால் தோல் கழலாது, மாவு ஒட்டாமல் உதிரும். கூடினால் மாவு மஞ்சளாகிக் கசக்கும். அதிகம் வெந்தால் பசையாகிக் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். இது மாயாக்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நடு அமெரிக்க மக்கள் எல்லாருடைய கைப்பக்குவம். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தடயம் குவாத்தமாலாவின் தென்கரையில் இருக்கிறது.

இந்த ஒரு சிட்டிகை சுண்ணாம்பில்தான் உயிர் இருந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 சத்து கட்டுண்டு கிடக்கும், உடம்பில் சேராது. சுண்ணாம்பு அதை விடுவிக்கும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஏழைகளிடம் ஒரு நோயைக் குறித்தார்: தோல் வெடிப்பு, பேதி, புத்தி பேதலிப்பு, சாவு. அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா அது. வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகள் அதில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அடுப்படியில் நின்ற மாயாப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளுடைய அறிவைக் கப்பலேறி வந்த யாரோ கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்று நாமும் சொல்கிறோம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கணக்கும் அப்படித்தான். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி சுழியம். கீழிருந்து மேலாக இடமதிப்பு, இருபது இருபதாக ஏறும். நாள் கணக்கில் மட்டும் மூன்றாம் இடம் 400 ஆகாமல் 18 × 20 = 360 ஆகும், ஆண்டுக்கு நெருக்கமாக வர. ஆகவே 365 நாளை எழுத, மேலே ஒரு புள்ளி, நடுவில் சிப்பி, அடியில் ஒரு கோடு. இந்தச் சிறு குறிகளை வைத்து வெள்ளியின் சுற்றை 584 நாள் என்று பிடித்தார்கள். இன்றைய அளவு 583.92. ஐந்து வெள்ளிச் சுற்று 2,920 நாள், எட்டு ஆண்டும் 2,920 நாள் என்று, இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் மாயா ஏட்டில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். 2012இல் உலகம் அழியும் என்று அவர்கள் பெயரில் பரப்பியதும் இதே அவமதிப்பின் இன்னொரு வடிவம். அன்று முடிந்தது 13 பக்தூன், அதாவது 18,72,000 நாள் கொண்ட ஒரு சுற்று. பலெங்கே கல்வெட்டில் கி.பி. 4772ஆம் ஆண்டுக்கே ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். உலகம் அழியும் என்று நினைத்தவர்கள் அப்படிக் குறிப்பார்களா?

"இனப்பற்று இல்லாதவன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீழடியை யாரோ வேற்றுநாட்டார் வந்து கட்டிக் கொடுத்தார்கள் என்று வெளியூர் மேடையில் ஒருவர் பேசி, அங்கே கைதட்டல் எழுந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சல்தான் எனக்கு இப்போது. பற்று இருப்பதால்தான் எரிகிறது.

"செத்துப்போன நாகரிகம்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான கேள்வி. அவர்கள் சாகவில்லை. குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகள் சட்டப்படி ஏற்கப்பட்டிருக்கின்றன. கடைசி மாயா அரசு 1697 வரை நின்றது. 1562 ஜூலை 12 அன்று மானி ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவர்கள் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். உலகம் முழுக்கத் தேடினாலும் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே ஏடுகள். 1960 முதல் 1996 வரை நடந்த குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டும் காணாமலும் போனவர்கள் 2 லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காடு மாயாக்கள். ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் சொன்னது இது, இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்றும் சொன்னது. அந்த வார்த்தையின் கனம் நமக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட மக்களிடம் மிஞ்சியிருக்கும் பாட்டன் சொத்துக்கும் நாம் உரிமை கேட்டுப் போக வேண்டுமா?

காணொலியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நீக்க மனம் வராவிட்டால், அதற்குக் கீழே இந்த ஒரு வரியையாவது போடுங்கள்: இதைக் கட்டியவர்கள் மாயா மக்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே மண்ணில் சோளம் விதைக்கிறார்கள்.