இறுக்கிய நட்டை ஏன் தளர்த்தினார் என்று சிரிப்பவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த வீடியோ எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. தண்டையார்பேட்டை ஏரியா குரூப், ஸ்கூல் குரூப், கடைசியில் சொந்தக்காரர்கள் குரூப் வரைக்கும் வந்துவிட்டது. விமான நிலையத்தில் ஒரு பராமரிப்பு ஊழியர் விமானச் சக்கரம் மாற்றுவதை, விமானம் தாமதமான கடுப்பில் யாரோ எடுத்த வீடியோ அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. "இறுக்கின நட்டையே திரும்பக் கழட்டுறான் பாரு, கையில டேப்லெட் வச்சுப் படம் பாக்குறான், இவனாலதான் ரெண்டு மணி நேரம் லேட்டு" என்று ஒரு குரல். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன்.

அவர் பார்த்தது படம் இல்லை, மெயின்டனன்ஸ் மேனுவல். எத்தனை வருடம் செய்த வேலையாக இருந்தாலும் அதைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். மேனுவலை அவ்வப்போது திருத்துவார்கள், நம் ஞாபகம் தானாகத் திருந்தாது.

இப்போது அந்த நட்டு. விமானச் சக்கரம் மாற்றும்போது, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஆக்சில் நட்டை முதலில் அதிக டார்க்கில், அதாவது அதிக முறுக்கு விசையில், இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பேரிங் சரியாக உட்காருவதற்காக அது. அப்புறம் நட்டைத் தளர்த்தி, குறைவான டார்க்கில் மறுபடி இறுக்கிப் பூட்ட வேண்டும். முதல் இறுக்கத்தோடு விட்டால் பேரிங் சூடேறிக் கெடும். முதல் இறுக்கமே இல்லாமல் விட்டால் பேரிங் உட்காராமல் ஓட்டத்தில் ஆட்டம் கொடுக்கும். வீடியோவில் அவர் செய்தது அதைத்தான். ஒரு படி கூட விடவில்லை. டார்க்கை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சைத் திருப்பி, அதன் அளவு சரிதானா என்று காட்ட ஒட்டியிருக்கும் அளவுத்திருத்தத் தேதியைப் பார்க்கிறாரே, கவனித்தீர்களா? அந்த இடத்தில்தான் "ஆ, இப்ப ஸ்பேனரை ரசிக்கிறாரு" என்று குரல் வருகிறது. எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான்.

"எங்க ஏரியா மெக்கானிக்கா இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பான்" என்று எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். முடிப்பார் அண்ணா, அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திறமைசாலிதான் இதில் முதலில் மாட்டுவார்.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பி 17,000 அடி உயரம் போனதும் காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டுத் தொங்கினார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது பெரிய விஷயம். காரணம் என்ன? அதற்குச் சுமார் 27 மணி நேரம் முன்பு, இரவு ஷிஃப்டில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், பாகங்களின் கேட்லாக்கைப் பார்க்காமல், பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டம் குறைந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை. சோம்பேறி இல்லை அவர். அனுபவசாலி. ஆள் குறைவான ஷிஃப்டில் வேலை முடிய வேண்டுமே என்று தானே இறங்கிச் செய்த மேற்பார்வையாளர்.

1979 சிகாகோ விபத்து இன்னும் மோசம். டிசி-10 விமானத்தில் எஞ்சினைத் தனியாகவும் அதைத் தாங்கும் பைலானைத் தனியாகவும் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்ன முறை. நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்ட்டில் இறக்கி ஏற்றினார்கள். அதில் விழுந்த விரிசல், பிறகு ஒருநாள் டேக் ஆஃபில் எஞ்சினையே பிடுங்கியது. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 273 பேர் செத்தார்கள்.

"எல்லாத்துக்கும் விபத்துக் கதை சொல்லிப் பயமுறுத்தாதே" என்பீர்கள். வேறு எதைச் சொல்ல? ஒழுங்காக மாட்டிய சக்கரத்துக்குக் கதையே கிடையாது.

"முன்னாடியே பார்த்திருக்கலாமே?" டயரில் வெட்டு விழுவது முந்தைய லேண்டிங்கிலேயே நடக்கலாம். வந்து நின்ற பிறகு சுற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும். "பயணிகளுக்கு ஒழுங்கா தகவல் சொல்லலையே?" சரி, அது நியாயமான கோபம். அதை கவுன்டரில் காட்டுங்கள். கீழே முழங்காலில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே போனில் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

என் அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். அத்தை மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டிய அன்று, ஒரு பெட்டியில் ஏர் பிரேக் பிரஷர் நிற்கவில்லை. நின்றுவிட்டார். சீர்த்தட்டுகளை வாசலில் வைத்துக்கொண்டு அம்மா காத்திருந்தார். மண்டபத்துக்கு அவர் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டது. அத்தை அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டினார். "பிரஷர் நிக்கல, நான் எப்படிக்கா கையெழுத்துப் போடுவேன்?" என்பதைத் தவிர அப்பா வேறு எதுவும் சொன்னதில்லை. அந்த அவமானத்தோடு அவர் வேலை பார்த்ததற்கு இன்றைக்கு யாராவது சிரிப்புப் பொம்மை போடுவீர்களா?

உண்மையைச் சொல்கிறேன், வெளியாட்கள் சிரித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள், வடசென்னைக்காரர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சுத்திணற ஓடினார்களே, அப்போது நாம் எல்லோரும் என்ன கேட்டோம்? "குழாயை ஒழுங்கா செக் பண்ணாங்களா, இல்லையா?" என்றுதானே? அதைக் கேட்ட அதே வாயால், ஒழுங்காகச் செக் பண்ணுகிற ஒருவரை எப்படிக் கிண்டல் பண்ண முடிகிறது? நம் தெருவுக்கு ஒரு நியாயம், ரன்வேக்கு ஒரு நியாயமா?

"யூனியன்காரன் மாதிரி பேசுற" என்று இதற்கும் வரும். வரட்டும். விமானம் பறக்கலாம் என்று விடுவித்துக் கையெழுத்துப் போடுபவரின் லைசென்ஸ் நம்பர்தான் ரெக்கார்டில் இருக்கும். நாளை ஏதாவது நடந்தால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அவரைத்தான் கூப்பிடும், வீடியோ எடுத்தவரை இல்லை. அண்ணா, ஏரியா குரூப்பில் நீங்கள் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது, அவர் வீட்டிலும் பார்ப்பார்கள்.