பானுமதியை இயக்குநர் என்று சொல்ல என்ன தயக்கம்?

நடிகை பானுமதியைப் பற்றிய அந்த உரையாடலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "உங்களுக்குப் பிடித்த பானுமதி அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்" என்று மூன்று நாட்களாக எனக்கு அதன் இணைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பேசினார்கள்தான். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். படப்பிடிப்புத் தளத்தில் அவர் யாரைப் பெயர் சொல்லி அழைத்தார், யாருக்கு முகம் கொடுக்கவில்லை, எந்தப் படத்திலிருந்து ஏன் விலகினார் என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். "தலைக்கனம்" என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணத் தொடங்கி, ஒரு கட்டத்தில் மனம் நொந்து விட்டுவிட்டேன். "இயக்குநர்" என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

பி. பானுமதி ஒரு இயக்குநர். 1953இல் வெளிவந்த 'சண்டிராணி' அவர் இயக்கிய படம். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட படம். கதாநாயகன் என்.டி. ராமராவ். கதாநாயகி பானுமதியேதான், அதுவும் இரட்டை வேடத்தில். அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

இதன் கனம் எத்தகையது என்று அந்த உரையாடலில் அமர்ந்திருந்தவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம். அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சி என்றால் லென்சின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுக்க வேண்டும். இடையில் கேமரா மயிரிழை அசைந்தாலும் உழைப்பெல்லாம் வீண். இயக்குபவரே நடிப்பவராகவும் இருந்தால், தன் எதிரில் இல்லாத தன்னைப் பார்த்துப் பேசிவிட்டு, உடை மாற்றி வந்து, அந்தப் பேச்சுக்குத் தானே பதிலும் சொல்ல வேண்டும். அதை மூன்று மொழிகளில் செய்ய வேண்டும். போதாததற்கு, இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952இல் காலமாகிவிட, எஞ்சிய பணியை எம்.எஸ். விஸ்வநாதன் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனையையும் தாண்டிப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி நமக்குச் சொல்வதற்கு அவருடைய கோபம் மட்டும்தான் இருக்கிறதா?

உடனே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "கணவர் பி.எஸ். ராமகிருஷ்ணா ராவ் இயக்குநர்தானே, பின்னால் நின்று அவர் எடுத்திருப்பார்" என்பார். ராமகிருஷ்ணா ராவ் நல்ல இயக்குநர்; தங்கள் சொந்தப் பட நிறுவனமான பரணி பிக்சர்ஸின் பல படங்களை இயக்கியவர்; தாம் இயக்கிய படங்களில் தம் பெயரைத் தயங்காமல் போட்டுக்கொண்டவர். இந்த ஒரு படத்தில் மனைவியின் பெயரைப் போட்டு ஒளிந்துகொள்ள அவருக்கு என்ன அவசியம்? கணவரும் இயக்குநர், மனைவியும் இயக்குநர் என்று எடுத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"தமிழின் முதல் பெண் இயக்குநர் டி.பி. ராஜலட்சுமி அல்லவா?" என்று இன்னொருவர் கேட்பார். ஆம், 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய ராஜலட்சுமிதான். பானுமதியை முதலாமவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இயக்குநர் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

"அவர் தெலுங்குக்காரர், உங்களுக்கு ஏன் இத்தனை அக்கறை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 'அன்னை' படத்தில் 'பூவாகிக் காயாகி' பாடும் அந்தக் குரலைக் கேட்டுக் கண் கலங்காத ஒரு வீடு எங்கள் தெருவில் இருந்ததில்லை.

இனி அந்தத் தலைக்கன விஷயத்துக்கு வருகிறேன். 'நாடோடி மன்ன'னில் எம்.ஜி.ஆருடன் அவருக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது, பாதியில் விலகினார், படத்திலும் அவருடைய பாத்திரம் பாதியில் இறந்துவிடுகிறது. இதைத்தான் அன்று இருபது நிமிடம் பேசினார்கள். 'நாடோடி மன்னன்' வந்தது 1958இல், எம்.ஜி.ஆர். இயக்கிய முதல் படம் அது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே மூன்று மொழிகளில் படம் இயக்கி முடித்தவர் பானுமதி. ஆக, அந்தத் தளத்தில் நின்றவர்கள் ஒரு பெரிய நடிகரும் அடங்காத ஒரு நடிகையும் அல்லர். புதிதாக இயக்க வந்த ஒருவரும், ஏற்கெனவே இயக்கி அனுபவப்பட்ட ஒருவரும். எடுக்கப்படும் காட்சியைப் பற்றி அந்த இரண்டாமவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கக் கூடாதா? எம்.ஜி.ஆரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் அப்பா அவருடைய படத்தைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தவர். ஆனால் அன்று கருத்துச் சொன்னவர் இயக்குநர் என்பதை மறைத்துவிட்டால், கதையில் மிஞ்சுவது திமிர் ஒன்றுதானே?

'மிஸ்ஸம்மா' பட விவகாரமும் அப்படித்தான். தாமதமாக வந்தார், தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், மறுத்தார், எடுத்தவரைக்கும் அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார், அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. அவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். தாமதம் தாமதம்தான். ஆனால் தாமதமாக வந்த ஆண் நடிகர்களின் பட்டியலை நம் பத்திரிகைகள் எவ்வளவு செல்லமாக எழுதின என்பதையும் நான் படித்திருக்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் அம்மா தென்காசியில் ஓர் அச்சகம் நடத்தினார். அப்பா இறந்தபின் தனியாகவே பதினெட்டு ஆண்டுகள் நடத்தினார். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துக் கோர்ப்பார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் மை காயும் முன்பே அவருடைய கண் கண்டுபிடித்துவிடும். மை படிந்த விரலோடு அவர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளே வருகிறவர்கள் அவரிடமே "முதலாளி இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "நான்தான், சொல்லுங்க" என்பார். அச்சடிக்கும் முன் முன்பணம் கேட்டால், "அந்த அம்மாவுக்குத் திமிர் ஜாஸ்தி" என்று வெளியே போய்ச் சொல்வார்கள். அதே முன்பணத்தை அப்பா கேட்டபோது அதற்குக் கறார் என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் கேட்டு வளர்ந்தவள் நான்.

பானுமதி பரணி ஸ்டுடியோவை நடத்தினார். பாடினார், எழுதினார், மாமியார்க் கதைகளுக்காக ஆந்திர சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றார், சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார், 2001இல் பத்மபூஷண் பெற்றார். அண்ணா அவரை 'நடிப்புக்கு இலக்கணம்' என்று போற்றினார் என்பதை மட்டும் அந்த உரையாடலில் பெரிய மனதோடு குறிப்பிட்டார்கள். நடிப்பு வரைக்கும் யாருக்கும் சிரமமில்லை. கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதைச் சொல்லத்தான் நா எழவில்லை.

அம்மா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகையை உறவினர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். "காலஞ்சென்ற இன்னாரின் மனைவி" என்று மட்டும் இருந்தது. பெயருக்குக் கீழே "அச்சக உரிமையாளர்" என்று நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த பத்திரிகையில் அந்த வரி இல்லை. "அது எதுக்கும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் அவர்.

அந்த உரையாடலின் இரண்டாம் பகுதி வரப்போகிறதாம். கேட்டுக்கொள்கிறேன், அவருடைய பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேருங்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள்.